இலங்கைத் தேயிலையின் தந்தை ஜேம்ஸ் டெய்லர்

பொழுது விடிந்ததும் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது தேநீர்ப் பாத்திரம்தான். விருந்தினர் வந்தாலும் தேநீர். தலைவலி வந்தாலும் தேநீர். தேர்வுக்காக இரவு கண் விழிக்கும் மாணவியருக்கும் தேநீரே துணை. ஆனால் கொதிக்கும் நீரில் நாம் போடும் அந்த ஒரு கரண்டித் தூள் எங்கே பிறந்தது, எத்தனை கைகள் மாறி நம் வீட்டை அடைந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தேயிலையின் கதையில் மறக்க முடியாத ஒரு பெயர் ஜேம்ஸ் டெய்லர். அவர் அரசர் அல்லர், போர்வீரர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். ஒரு மலைத்தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்த கண்காணிப்பாளர் அவர். ஆயினும் ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றியவர் என்று அவரைக் கூறலாம். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் கின்கார்டின்ஷயர் என்னும் மாவட்டம் இருந்தது. அங்கு லாரன்ஸ்கர்க் என்னும் ஊருக்கு அருகில், மாஸ்பார்க் என்ற சிறு குடிசை வீட்டில் 1835-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29-ஆம் நாள் ஜேம்ஸ் டெய்லர் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். உழைத்தால்தான் உணவு என்ற நிலையில் இருந்த குடும்பம் அது.

ஒன்பது வயதில் டெய்லர் தம் தாயை இழந்தார். தாயின் அரவணைப்பு இல்லாத வீட்டில் வளர்ந்த அவருக்குப் படிப்பே ஆறுதலாக இருந்தது. நன்றாகப் படித்ததால், பதினான்காம் வயதில் அதே பகுதியிலுள்ள பள்ளியில் மாணவ ஆசிரியராக அமர்த்தப்பட்டார். தாமும் படித்துக்கொண்டு, சிறு பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கும் பணி அது. ஆசிரியராகவே அவருடைய வாழ்க்கை கழிந்திருக்கக்கூடும். ஆனால் காலம் வேறு விதமாக அமைந்தது.

கடல் கடந்த பயணம்

அந்நாளில் சிலோன் என்று அழைக்கப்பட்ட இலங்கையில் காப்பித் தோட்டங்கள் செழித்து வளர்ந்திருந்தன. தோட்டங்களை மேற்பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து இளைஞர்களை ஒப்பந்தம் செய்து அழைத்துச் சென்றார்கள். டெய்லருடைய தாய்வழி உறவினர் ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவர் வழியாக வாய்ப்பு வந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளம். பதினாறே வயதான டெய்லர் கையெழுத்திட்டார்.

1851-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் கப்பல் ஏறியவர், 1852 பிப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். நான்கு மாதப் பயணம்! அன்று விட்டு வந்த தாய்நாட்டை அவர் தம் வாழ்நாளில் மறுபடியும் காணவேயில்லை. வீட்டாருக்குக் கடிதங்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

கண்டி நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள மலைப்பகுதியில், தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரை என்னும் தோட்டம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. தோட்டம் என்று பெயர்தானே தவிர, வந்தபோது அவர் கண்டது பெரும்பாலும் காடுதான். மரங்களை வெட்டிச் சாய்த்து, பாதை அமைத்து, காப்பிக் கன்றுகளை நடவேண்டியிருந்தது.

யாருடைய கரங்கள்?

காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகள் யாருடையவை? அவை தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் கைகள். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலிய பகுதிகளில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் பிழைக்க வழி தேடியவர்கள் கங்காணிகளின் அழைப்பை நம்பிப் புறப்பட்டார்கள். கடலைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து அடர்ந்த காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே சென்றார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாகி வழியிலேயே மாண்டவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை.

டெய்லரின் வெற்றியைப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசுவது அறமாகாது. துரை பங்களாவில் வாழ்ந்தார்; தொழிலாளர்கள் லயன் என்னும் நீண்ட கூரையின் கீழ் ஓர் அறையில் ஒரு குடும்பமாக வாழ்ந்தார்கள். கங்காணியிடம் பட்ட கடன் அவர்களை எளிதில் வெளியேற விடவில்லை. அக்காலத் தோட்டமுறை அப்படிப்பட்டது. டெய்லரும் அந்த முறைக்குள் வாழ்ந்தவர்தான்.

பத்தொன்பது ஏக்கர்

காப்பி நல்ல வருமானம் தந்த காலத்திலேயே டெய்லர் வேறு பயிர்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா தரும் சின்கோனா மரத்தை நட்டு வெற்றி கண்டார். பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து தேயிலை விதைகளைப் பெற்று, முதலில் தோட்டத்துப் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார்.

தேயிலைச் செடி இலங்கைக்கு அதற்கு முன்பே வந்ததுண்டு. 1824-இல் சீனாவிலிருந்தும், 1839-இல் அஸ்ஸாமிலிருந்தும் கன்றுகள் பேராதனைக்குக் கொண்டுவரப்பட்டன. சிலர் பயிரிட்டும் பார்த்தார்கள். ஆனால் அது ஒரு தொழிலாக வேர் ஊன்றவில்லை.

1867-ஆம் ஆண்டு லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கர் நிலத்தைத் திருத்தி டெய்லர் தேயிலை நட்டார். இலங்கையில் வணிக நோக்கில் நிலைத்து நின்ற முதல் தேயிலைத் தோட்டம் அதுவே. பத்தொன்பது ஏக்கர் என்பது பெரிய பரப்பா? இல்லை. ஆனால் ஆலமரத்தின் விதையும் சிறியதுதானே!

திண்ணையே தொழிற்சாலை

செடி வளர்ந்துவிட்டால் மட்டும் தேநீர் கிடைத்துவிடாது. பறித்த பச்சைக் கொழுந்தை அப்படியே வெந்நீரில் போட்டால் பச்சிலை வாசனைதான் வரும். இலையைப் பக்குவப்படுத்தும் கலையை டெய்லர் கற்றாக வேண்டும். இந்தியத் தேயிலைப் பகுதியில் அனுபவம் பெற்ற ஒருவர் அவ்வழி வந்தபோது அடிப்படைகளைக் கேட்டறிந்தார். மற்றவற்றைத் தம் கையாலேயே செய்து பார்த்துக் கற்றார்.

அவருடைய பங்களாத் தாழ்வாரமே தொழிற்சாலை ஆயிற்று. வாடிய இலைகளை மேசை மீது பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரையுள்ள கைப்பகுதியால் அழுத்தி உருட்டினார்கள். பிறகு களிமண் அடுப்புகளில் கரி நெருப்பு மூட்டி, அதன் மேல் கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பி உலர்த்தினார்கள். இப்படிக் கையால் செய்த தேயிலையை உள்ளூரில் விற்றார்கள். குடித்தவர்கள் மெச்சினார்கள்.

அன்று டெய்லர் தாழ்வாரத்தில் நடந்தவை நான்கு படிகள். இன்றைய பெரிய தொழிற்சாலைகளிலும் அதே நான்கு படிகள்தாம். அவற்றை நாம் சற்று விளக்கமாக அறிவோம்.

முதற்படி வாட்டுதல். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தை நீண்ட தட்டுகளில் பரப்பிக் காற்றுப் படும்படி விடுவார்கள். 12 முதல் 18 மணி நேரத்தில் ஈரம் குறைந்து, எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். முறுமுறுவென்று ஒடியும் இலை துணி போலத் துவளும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கிப் போகும்.

இரண்டாம் படி உருட்டுதல். அழுத்தி உருட்டும்போது இலைக்குள் உள்ள நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படுகிறது. அந்தச் சாறுதான் தேநீரின் நிறத்துக்கும் சுவைக்கும் மூலப்பொருள்.

மூன்றாம் படி புளிக்கவைத்தல். பெயர் அப்படி இருந்தாலும், இது நம் வீட்டு இட்லி மாவு புளிப்பது போன்றதன்று. கிருமிகளுக்கு இதில் வேலையில்லை. வெட்டிவைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதைப் போல, இலைச்சாறு காற்றிலுள்ள பிராண வாயுவுடன் சேர்ந்து மாறுதல் அடைகிறது. பச்சை இலை மெல்ல மெல்லச் செப்புக் காசின் நிறம் பெறும். பச்சை வாசனை போய்த் தேயிலை மணம் எழும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணும் மூக்கும் அறிந்தவர்தாம் சொல்ல முடியும். குறைந்தால் பச்சை வாசனை; மிகுந்தால் சப்பென்று போகும்.

நான்காம் படி உலர்த்துதல். சூடான காற்றில் இலையைக் காயவைத்தால் அந்த மாறுதல் நின்றுவிடும். ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் குறையும். இலை கறுத்து, மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும். நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும்.

அதன் பின்னர்ச் சல்லடைகளில் சலித்து அளவுவாரியாகப் பிரிப்பார்கள். முழு இலை, உடைந்த இலை, நொய், டஸ்ட் என்று அவை பெயர் பெறும். ஆரஞ்சு பெக்கோ என்பது அவ்வாறான ஒரு தரத்தின் பெயர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

ஓர் இலை, பல வகை

பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை வேறொரு செடி என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இராபர்ட் பார்ச்சூன் என்னும் தாவர அறிஞர் 1840-களில் சீனாவுக்குச் சென்று நேரில் பார்த்து, இரண்டும் ஒரே செடியிலிருந்து செய்யப்படுபவை என்று அறிவித்தார். வேறுபாடு முழுவதும் செய்முறையில்தான் இருக்கிறது.

பறித்த இலையை உடனே ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டினால், காற்றுடன் சேர்ந்து மாறும் தன்மை அழிந்துவிடும். இலை பச்சையாகவே நிற்கும். அது பச்சைத் தேயிலை. சப்பானியர் ஆவியில் காட்டுவர். சீனர் பெரும்பாலும் சட்டியில் வறுப்பர். மாறுதலைப் பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங் தேயிலை. முழுமையாக மாறவிட்டால் நாம் அருந்தும் கறுப்புத் தேயிலை. இளம் மொட்டுகளைப் பறித்து, உருட்டாமல் வாட்டி உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. மொட்டின் மேலுள்ள வெண்ணிறப் பூனைமயிரால் அதற்கு அப்பெயர்.

நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பால் ஊற்றிக் கொதிக்க வைக்கும் திண்மையான தூள், நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரத்தில் செய்யப்படுவது. அம்முறை 1930-களில் அஸ்ஸாமில் தோன்றியது. டெய்லர் அதை அறியமாட்டார். அவர் செய்தது இலையை முறுக்கி உருட்டும் பழைய முறை.

இயந்திரமும் முதல் ஏற்றுமதியும்

கையால் உருட்டுவது எவ்வளவு நாளைக்கு நடக்கும்? டெய்லர் தச்சர் மகன் அல்லவா! உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். 1872-இல் லூல்கந்துரையில் எல்லாக் கருவிகளும் அமைந்த தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1873-இல் இருபத்துமூன்று ராத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. இன்றைய கணக்கில் சுமார் பத்துக் கிலோ. ஒரு சிறு மூட்டை அளவுதான்.

மற்றத் தோட்டக்காரர்கள் லூல்கந்துரைக்கு வந்து பார்த்துக் கற்றுச் சென்றார்கள். டெய்லர் தம் அறிவைப் பூட்டி வைக்கவில்லை. தாமும் கற்பதை நிறுத்தவில்லை. 1874-இல் அவர் ஒரு முறை விடுமுறை எடுத்துக்கொண்டார். எங்கே சென்றார் தெரியுமா? டார்ஜிலிங்குக்கு! அங்கே தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவரத்தான் சென்றார். நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்த நீண்ட விடுமுறை அது ஒன்றே.

காப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது

1869-ஆம் ஆண்டு இலங்கைக் காப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சள் நிறத் துரு போன்ற ஒரு பூசண நோய் காணப்பட்டது. முதலில் எவரும் பெரிதாக எண்ணவில்லை. சில ஆண்டுகளில் அது மலை மலையாகப் பரவிற்று. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த காப்பி அழிந்தது. 1880-களில் தோட்ட முதலாளிகள் பலர் கடனாளிகளாகி நாட்டை விட்டுப் போனார்கள். கூலி கிடைக்காமல் தவித்த தொழிலாளர்களின் துயரம் அதைவிடப் பெரிது.

அந்த இருளில் கைகொடுத்தது டெய்லரின் பத்தொன்பது ஏக்கர். செடி இம்மண்ணில் வளரும், தூள் விலை போகும் என்று அவர் முன்பே மெய்ப்பித்து வைத்திருந்தார். ஆகவே காப்பி அழிந்த நிலங்களில் தேயிலை எழுந்தது. 1880-இல் எண்பது டன் அளவில் இருந்த உற்பத்தி, 1890-இல் இருபத்திரண்டாயிரம் டன்னைக் கடந்தது. நூற்றாண்டு முடிவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை நின்றது.

காப்பிக்கு ஆண்டில் சில மாதமே ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழர்கள் குடும்பத்தோடு மலையிலேயே தங்கினார்கள். மழையிலும் குளிரிலும் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் வழிவந்தவர்களே இன்றைய மலையகத் தமிழர். நாட்டுக்குச் செல்வம் ஈட்டித் தந்த அம்மக்களில் மிகப் பலர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நாடற்றவராயினர். அக்குறை சிறிது சிறிதாகக் குறைந்து, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது.

தனிமை வாழ்வும் நன்றி மறத்தலும்

டெய்லர் ஆஜானுபாகுவான தோற்றமுடையவர். நீண்ட தாடி வைத்திருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. விருந்துகளையும் கேளிக்கைகளையும் நாடாமல், தோட்டமே உலகம் என்று வாழ்ந்தார். மலைமுகட்டில் ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து தோட்டத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். தொழிலாளர்கள் அவரைச் சாமித்துரை என்று அழைத்தார்கள்.

1891-இல் தோட்டக்காரர்கள் கூடி அவர் தொண்டைப் பாராட்டி வெள்ளியாலான தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. லூல்கந்துரையின் அப்போதைய நிர்வாகம் அவரை விடுப்பில் செல்லச் சொன்னது. உடல்நலம் குன்றவில்லை, விடுப்பு வேண்டாம் என்று அவர் மறுத்தார். பணியை விட்டு விலகும்படி உத்தரவு வந்தது. பதினாறு வயதில் காடாகக் கண்ட இடத்தை ஐம்பத்தேழு வயதில் விட்டுப் போகச் சொன்னார்கள்! எங்கே போவார்? அவர் அசையவில்லை.

சில நாட்களில் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியது. 1892-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், தாம் உருவாக்கிய தோட்டத்திலேயே டெய்லர் கண்மூடினார்.

கடைசிப் பயணம்

அடக்கம் செய்ய வேண்டிய இடம் கண்டியிலுள்ள மகியாவை கல்லறைத் தோட்டம். மலைவழி நெடுந்தூரம். பெரிய உடல். இருபத்துநான்கு தொழிலாளர்கள் முன்வந்தார்கள். பன்னிருவர் தூக்க, நான்கு மைலுக்கு ஒரு முறை மற்றப் பன்னிருவர் தோள் மாற்றிக்கொண்டார்கள். தோட்டத்து மக்கள் பின்னால் நடந்தார்கள். நிர்வாகம் வேண்டாம் என்று சொன்னவரை, தொழிலாளர்கள் தோளில் சுமந்தார்கள். எந்த வெள்ளிப் பரிசும் இதற்கு ஈடாகுமா?

இலங்கையில் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் முன்னோடி என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். லூல்கந்துரையில் அவர் இருக்கையும், பங்களாவில் எஞ்சிய கற்புகைபோக்கியும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆனால் தேயிலைப் பெட்டிகளின் மேல் உலகமெங்கும் பரவிய பெயர் அவருடையதன்று. 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய வணிகர் லிப்டனின் பெயர். விதைத்தவர் ஒருவர், விளம்பரம் பெற்றவர் வேறொருவர். உலகில் இது புதிதன்று.

நாம் கற்பது என்ன?

பெரிய வசதி இருந்தால்தான் பெரிய காரியம் செய்யலாம் என்று நாம் எண்ணுகிறோம். டெய்லருக்கு ஒரு தாழ்வாரமும் ஒரு மேசையும் ஒரு மண் அடுப்புமே போதுமானவையாக இருந்தன. தெரியாததைக் கேட்டறிந்தார், அறிந்ததைச் செய்து பார்த்தார், தேர்ந்ததைப் பிறருக்கும் சொல்லிக் கொடுத்தார். மாணவியராகிய நமக்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

மற்றொன்றும் உண்டு. டெய்லருக்கு ஒரு கல்லறை இருக்கிறது; அதில் அவர் பெயர் இருக்கிறது. அவரைச் சுமந்த இருபத்துநான்கு பேரின் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கவில்லை. கூடை சுமந்த தாய்மாரின் பெயர்களும் அப்படியே. நம் வீட்டுத் தேநீர்க் கோப்பையில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருக்கிறது. தேயிலை பறிக்கும் கைகளுக்கு நியாயமான கூலியும், அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் கிடைக்க வேண்டும் என்று நினைப்பதும், நம்மால் இயன்ற இடத்தில் அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமை.

நாளைக் காலை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, பெயர் தெரிந்த அந்த ஒருவரையும் பெயர் தெரியாத அந்தப் பல்லாயிரவரையும் ஒரு கணம் நன்றியோடு நினைப்போமாக!